இன்னும் ஆறு மாசம் ஆகும்

துபாயில் நான் இங்கிலீஷ் வாத்தியார். ஊரில் இதை யாரும் நம்புவதில்லை. துபாய்க்குப் போனவன் கம்பி கட்ட வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும், ஒன்றும் முடியாவிட்டால் கடையில் கல்லாவில் உட்கார வேண்டும். அரபி நாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், "அதுக்கு வெள்ளைக்காரன் இருப்பானே, நீ எதுக்கு?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் பள்ளிக்கூடத்தின் பெற்றோரும் அதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் மரியாதையாக.

எங்கள் பள்ளியில் நிஜமாகவே ஒரு வெள்ளைக்கார வாத்தியாரும் இருக்கிறார். குளிர் நாட்டுக்காரர், நல்ல மனிதர், மத்தியானம் ஒரு டப்பா இலைதழையைத் தின்றுவிட்டுச் சாயங்காலம் வரை தாங்குவார். பெற்றோர் கூட்டத்தன்று அவர் மேஜை முன்னால் நிற்கும் வரிசை வராந்தா தாண்டிப் போகும். என் மேஜைக்கு ஒரு தகப்பனார் வந்தார். நான் எழுந்து நின்று கை நீட்டினேன். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

பிள்ளைகள் அதைவிட மோசம். ஆறாம் வகுப்பில் எகிப்து, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று எல்லா ஊர்ப் பிள்ளையும் என்னைச் சார் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ளாதவை நம்மூர்ப் பிள்ளைகள்தான். பிறந்ததிலிருந்து இங்கேயே வளர்ந்தவை, வாயைத் திறந்தால் இங்கிலீஷ் மட்டும்தான். அதில் ஒருவன் நான் பாடம் படித்துக் காட்டியதை முழுக்கக் கேட்டுவிட்டு, நான் பேசுவது அவன் தாத்தா பேசுவது மாதிரி இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னான். அந்த வாக்கியத்தில் தாத்தா என்ற சொல் மட்டும் தமிழ். அவனுக்குத் தெரிந்த மொத்தத் தமிழும் அதுதான், அதையும் எனக்காகச் செலவழித்துவிட்டான்.

இப்படிப் பகலெல்லாம் பட்ட அவமானத்துக்கு மருந்து போல இருந்தது அறைச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்காக நான் செய்த ஒரு கேவலமான காரியத்தைத்தான் இங்கே எழுத வந்தேன்.

இந்த நாட்டுக் கணக்கில் நான் பேச்சிலர். மதுரையில் மனைவி இருக்கிறாள், மீசை முளைத்த இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், தலையில் முடி இல்லை, ஆனாலும் பேச்சிலர். பொண்டாட்டி பக்கத்தில் இல்லாத ஆண்பிள்ளை எவனாக இருந்தாலும் இங்கே அந்தப் பேர்தான். என் மனைவி அங்கே அரசுப் பள்ளி ஆசிரியை. ராஜினாமா செய்துவிட்டு வருகிறாயா என்று ஒரு தடவை கேட்டேன். "உங்கள நம்பி கவர்மெண்ட் வேலைய விடவா?" என்றாள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அல் குசைஸில் ஒரு பழைய கட்டடத்தில் நாங்கள் நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். இங்கே பேரைவிட ஊருக்குத்தான் புழக்கம் அதிகம் என்பதால் நானும் ஊரைச் சொல்லியே எழுதுகிறேன். சோனாப்பூர் கேம்ப்பிலிருந்து கட்டட வேலைக்காரர்களை சைட்டுக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர் ஒருவர். ராமநாதபுரத்துக்காரர், எங்களில் மூத்தவர், காலையில் நாலு மணிக்கே டியூட்டிக்குக் கிளம்புவார். நாகர்கோவில்காரர் ஒருவர், ஆபீஸ் வேலை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் காதில் போனை வைத்துக்கொண்டு பால்கனியில் நிற்பார், சாப்பாட்டுக்கு மட்டும் உள்ளே வருவார். நாலாவது ஆள் புதுக்கோட்டைக்காரர். கட்டடங்களுக்கு ஏசி ரிப்பேர் பார்க்கும் கம்பெனியில் டெக்னீசியன், நாற்பதைத் தொடாத வயது. ஊரில் மனைவியும் ஒரு மகளும். ஏசி பார்ப்பது அவர் தொழில், சமையல் அவருக்கு மேலே இருந்து வந்தது.

நாலு பேரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவதற்கு மெஸ் என்று பேர். எங்கள் மெஸ்ஸை நடத்தியது புதுக்கோட்டைக்காரர். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளை போர்டு ஒட்டியிருந்தார். மேலே ஏழு நாள், பக்கத்தில் சமையல், காய் நறுக்கல், பாத்திரம், குப்பை என்று வேலைகள். ஆளுக்கு ஒரு கலரில் காந்த வில்லை. யார் வில்லை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அது அன்றைக்கு அவர் டியூட்டி. என் வில்லை மஞ்சள்.

அந்த மஞ்சள் வில்லை முதன்முதலாகச் சமையல் கட்டத்துக்கு வந்த அன்று நான் சாம்பார் வைத்தேன். பருப்பு, புளி, காய், பொடி, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூடினேன். சிக்கனமான முறை என்று என் நினைப்பு. எட்டு விசில் விட்டும் பருப்பு முழுசு முழுசாக மிதந்தது. இன்னும் ஐந்து விட்டேன். குக்கருக்குத்தான் மூச்சு வாங்கியது, பருப்பு அசையவில்லை.

டிரைவர் அண்ணன் கரண்டியில் எடுத்து உயர்த்திப் பார்த்தார். "வாத்தியாரே, இது சாம்பாரா, இல்ல பருப்ப ஊறப் போட்டுருக்கீங்களா?"

புதுக்கோட்டைக்காரர் பாட்டுக்குச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர், மாத்திரை விழுங்குவது மாதிரி. சாப்பிட்டு முடித்துத் தட்டை வழித்துவிட்டு, "சூப்பர் சார்" என்றார். அப்புறம் மெதுவாக, "புளி முன்னாடியே விழுந்துருச்சுன்னா பருப்பு வேகாது சார். அது மட்டும்தான், மத்தபடி ஒண்ணும் குறையில்ல" என்றார்.

அடுத்த முறை மோர்க்குழம்பு. இங்கே லபான் என்று பாட்டிலில் மோர் கிடைக்கும். நாலு பாட்டிலை ஊற்றி, கிருமி சாகட்டும் என்று தளதளவெனக் கொதிக்கவிட்டேன். அது திரிந்து, தண்ணீர் தனி, வெள்ளைக் கட்டி தனி என்று பாகப்பிரிவினை செய்துகொண்டது. மூன்றாவது முறைக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஸ் கூட்டம் போட்டார்கள். நாகர்கோவில்காரர்கூட போனை ஒரு நிமிஷம் காதிலிருந்து எடுத்தார்.

"வாத்தியார சமையல்லேருந்து எடுத்துருவோம்" என்றார் டிரைவர் அண்ணன். "நான் பஸ்ஸுல அம்பது பேரக் கூட்டிட்டுப் போறவன். வயித்தால போச்சுன்னா நடு ரோட்டுல நிறுத்த முடியாது."

அப்போதுதான் புதுக்கோட்டைக்காரர் ஒரு யோசனை சொன்னார். "சாரோட சமையல் டியூட்டிய நான் பாத்துக்கிறேன். பதிலுக்குச் சார் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கட்டும்." அவர் கம்பெனியில் சூப்பர்வைசராக வேண்டுமென்றால் இங்கிலீஷில் இண்டர்வியூ உண்டு. சூப்பர்வைசருக்குக் கம்பெனியே வீடும் கொடுத்துக் குடும்ப விசாவும் எடுத்துக் கொடுக்கும். எட்டு வருஷமாகப் பொண்டாட்டி பிள்ளையைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்த ஒரு இண்டர்வியூதான் கதவு.

அன்றைக்கே என் மஞ்சள் வில்லையைக் குப்பைக் கட்டத்தில் நிரந்தரமாக ஒட்டினார்கள். அதன் கீழே புதுக்கோட்டைக்காரர் 'இங்கிலீஷ்' என்று ஒரு புதுக் கட்டம் போட்டு அதிலும் ஒரு மஞ்சள் வில்லை வைத்தார். குப்பையும் இங்கிலீஷும் என் பொறுப்பு.

பிறகு நான் சாப்பிட்ட சாப்பாட்டைச் சொல்லாமல் போனால் நான் செய்த பாவத்தின் அளவு உங்களுக்குப் புரியாது. தேராவில் மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஷேரி மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி வருவார். அதைப் புளிக்குழம்பு வைத்து, அன்றைக்குத் தொடவிடமாட்டார். மறுநாள்தான் பரிமாறுவார். குப்பூஸ் என்று ஒரு ரொட்டி இருக்கிறதே, பேக்கரியில் வாங்கிய சூட்டோடு தின்னாவிட்டால் செருப்புத் தோலாகிவிடுமே, அந்தக் குப்பூஸைப் பிய்த்துக் கொத்துப் பரோட்டா மாதிரி கொத்தித் தருவார். நான் திரித்துக் கெடுத்த அதே லபானில் அவர் வைத்த மோர்க்குழம்பு தங்கக் கலரில் இருக்கும். கொதிக்கவே விடமாட்டார், ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்கிவிடுவார். "எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "சத்தம் மாறும் சார்" என்பார். எனக்கு எந்தச் சத்தமும் மாறிக் கேட்டதில்லை.

என் டிபன் பாக்ஸ் பள்ளியிலும் பேர் வாங்கியது. குளிர் நாட்டு வாத்தியார் ஒரு நாள் வாசம் பிடித்துக்கொண்டு வந்து ஒரு வாய் கேட்டார். மீன் குழம்பில் ஒரு துண்டு கொடுத்தேன். கண், மூக்கு எல்லாம் ஒழுகியது. ஏதோ சாமியை அவர் மொழியில் கூப்பிட்டார். மறுநாள் சொந்தமாக ஒரு ஸ்பூனோடு வந்து உட்கார்ந்துகொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக வெள்ளைக்காரர் ஒருவர் என் மேஜை முன்னால் காத்திருந்தார். காரணம் என் இங்கிலீஷ் இல்லை.

சரி, பாடம். அதிலும் குறை வைக்கவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் குழம்பைக் கிளறுவார், நான் சமையலறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு கேள்வி கேட்பேன். இண்டர்வியூவில் வரக்கூடிய கேள்விகள் நாற்பத்திரண்டு எழுதி, அவற்றுக்கு நாற்பத்திரண்டு பதிலும் எழுதிக் கொடுத்திருந்தேன். பதில் ஒவ்வொன்றும் ஒரு பத்தி. சவால்களை வாய்ப்புகளாகப் பார்ப்பவன், குழுவாகச் செயல்படுவதில் நாட்டம் கொண்டவன் என்றெல்லாம் இங்கிலீஷில் மின்னும்.

"சார், சவால்னா எது? கம்ப்ரசர் போச்சுன்னா கம்ப்ரசர் போச்சுன்னு சொன்னாப் பத்தாதா?"

"பத்தாது."

"ஏன் சார்?"

"இண்டர்வியூல அப்படிச் சொல்ல மாட்டாங்க."

ஆனால் அவர் வேலை விஷயமாகப் போனில் பேசும் இங்கிலீஷ் வேறு. "பாய், திஸ் கம்ப்ரசர் கலாஸ். நியூ ஒன் டுமாரோ மார்னிங் மஸ்ட். ஜல்தி, யல்லா." கலாஸ் என்றால் அரபியில் தீர்ந்தது. மூன்று பாஷை, நாலு வினாடி. மறுநாள் காலையில் புது கம்ப்ரசர் வந்து இறங்கிவிடும். நான் எங்கள் வராந்தாவில் ஒரு பல்பை மாற்றச் சொல்லிக் கட்டடத்து வாட்ச்மேனுக்குப் பிழையில்லாத இங்கிலீஷில் மூன்று வாரமாக விளக்கிக்கொண்டிருந்தேன். வராந்தா இருட்டாகவே இருந்தது. இதிலிருந்து எனக்கு ஏதாவது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. நான் வாத்தியார் இல்லையா.

வருஷ ஆரம்பத்தில் அவர் கம்பெனியின் சூப்பர்வைசர் ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார். இடம் காலி. விருப்பம் இருப்பவர்கள் அந்த மாசக் கடைசிக்குள் விண்ணப்பம் போட வேண்டும். புதுக்கோட்டைக்காரர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "சார், நான் ரெடியா சார்? போட்டுப் பாக்கவா?"

அன்றைக்கு மட்டன் சுக்கா. நான் மூன்றாவது முறையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ரெடியா என்று யோசிப்பதற்குப் பதிலாக, அவர் போய்விட்டால் இந்தச் சட்டி என்ன ஆகும் என்று யோசித்தேன். சூப்பர்வைசர் ஆவார், கம்பெனி வீட்டுக்குப் போவார், மஞ்சள் வில்லை மறுபடி சமையல் கட்டத்துக்கு வரும், பருப்பு மிதக்கும். இவ்வளவும் ஒரு எலும்பைக் கடித்து முடிப்பதற்குள் கண் முன்னால் ஓடியது.

"அவசரப்படாதீங்க தம்பி" என்றேன். "இன்னும் ஆறு மாசம் ஆகும்."

"ஆறு மாசமா சார்?"

"அஸ்திவாரம் முக்கியம்."

அவர் தலையாட்டிவிட்டு இன்னும் ஒரு கரண்டி சுக்காவை என் தட்டில் வைத்தார். அதையும் சாப்பிட்டேன். என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்களுக்கு அது ஒன்றே போதும்.

டிரைவர் அண்ணன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுக்கோட்டைக்காரர் ஒரு மாசத்துக்கு முன்னால் அதே கேள்வியைக் கேட்டபோதும் நான் ஆறு மாசம் என்றுதான் சொல்லியிருந்தேன். "அப்ப ஒரு மாசம் போயும் ஆறு மாசந்தானா? நல்ல படிப்பா இருக்கே வாத்தியாரே, படிக்கப் படிக்கக் கூடுது."

தினமும் ஏழரைக்கு ஊரிலிருந்து மகள் வீடியோவில் வருவாள். மிளகாய்ப் பொடி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் பாட்டுக்குச் சமைப்பார். அவள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்தாம் வகுப்பு. ஏப்ரலில் இங்கே இந்தியப் பள்ளிகள் திறக்கும்போது ஆறாவதில் சேர்த்துவிட வேண்டும், அதைத் தாண்டினால் பெரிய வகுப்பு, அப்புறம் இடம் மாற்றுவதற்கில்லை என்று அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். இந்த வருஷம், இல்லாவிட்டால் இல்லை.

"அப்பா, சார் சரின்னுட்டாரா?" என்று கேட்டது அந்தப் பெண்.

"இன்னும் படிக்கணுமாம்மா."

"நீ என்னப்பா, அவ்வளவு மக்கா?"

விசா கொடுக்கும் முதலாளியை இங்கே கஃபீல் என்பார்கள். அந்தக் குழந்தை என்னைத்தான் கஃபீல் என்று நினைத்துக்கொண்டிருந்தது. நான் சரியென்று சொன்னால் ஏரோப்பிளேன் ஏறலாம். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் மெதுவாக நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டேன், கேமராவில் விழாமல்.

அந்த நிமிஷமே மனசாட்சி உறுத்தி எழுந்துபோய் விண்ணப்பம் எழுதினேன் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. குப்பைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது டிரைவர் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்குள்ள அந்தத் தம்பி விண்ணப்பம் போகணும் வாத்தியாரே."

"அவருக்கு இன்னும் டென்ஸே சரியா..."

"போகலன்னா ஞாயித்துக்கிழமை சமையல் உங்களுது. நாங்க மூணு பேரும் வெளிய சாப்பிட்டுக்குவோம். நீங்க வச்சத நீங்களே உக்காந்து தின்னணும், நான் பக்கத்துல நின்னு பாப்பேன்."

பத்து நிமிஷத்தில் விண்ணப்பம் போய்விட்டது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

இண்டர்வியூ ஒரு சனிக்கிழமை பத்து மணிக்கு, போனில், வீடியோவில். எங்கள் வீட்டில் வைஃபை நன்றாக எடுக்கும் ஒரே இடம் சமையலறை. அதனால் அங்கேயே ஸ்டூல் போட்டு, ஃப்ரிட்ஜுக்கு முதுகு காட்டி அவரை உட்கார வைத்தோம். போனுக்கு வழக்கம் போல மிளகாய்ப் பொடி டப்பா. மேலே என் டை, கீழே அவர் லுங்கி. நான் போனுக்குப் பின்னால், கேஸ் அடுப்பு மேடைக்குக் கீழே, பனியனோடு குத்த வைத்து உட்கார்ந்தேன். மடியில் நாற்பத்திரண்டு பதிலும் பெரிய எழுத்தில் எழுதிய சார்ட் தாள்கள். கேள்வி வந்ததும் சரியான தாளைத் தூக்கிக் காட்டுவேன். பிள்ளைகள் காப்பி அடித்தால் வெளியே நிற்க வைக்கும் வாத்தியார் நான்.

மேனேஜர் நரைத்த வெள்ளைக்காரர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். முதல் தாளைத் தூக்கினேன். புதுக்கோட்டைக்காரர் அதை ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வாசித்தார். ஒன்பதாவது தாள், பதினாலாவது தாள். சவால், வாய்ப்பு, நாட்டம். மேனேஜர் கொட்டாவியை வாய்க்குள்ளேயே மடக்கியது எனக்குக் கேட்டது. சத்தம் மாறுவது என் காதுக்கும் கேட்ட ஒரே சந்தர்ப்பம் அது. குழம்பு திரிகிறது என்று தெரிந்துவிட்டது.

அப்போது மேனேஜர் கேட்டார், உங்கள் தலைக்குப் பின்னால் கலர் கலராக ஏதோ போர்டு தெரிகிறதே, அது என்ன?

நாற்பத்திரண்டில் அது இல்லை. நான் தாள்களைப் புரட்டினேன். புதுக்கோட்டைக்காரர் என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் திரும்பி போர்டைப் பார்த்தார். பிறகு டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார்.

"சார், திஸ் மெஸ் போர்டு. ஃபோர் மேன், ஒன் கிச்சன்."

அப்புறம் நிற்கவில்லை. ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வில்லையாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். எல்லாம் அவருடைய போன் இங்கிலீஷ். நான் தமிழில் தருகிறேன். இந்த ஆள் பஸ் டிரைவர், விடியுமுன் கிளம்புவார், அதனால் அவருக்குச் சாயங்காலப் பாத்திரம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பாத்திரமும் சுத்தமாகாது, ஆளும் தூங்க மாட்டார், மறுநாள் பஸ்ஸில் ஐம்பது பேர் இருக்கிறார்கள். இவருக்குப் போன் பேசாமல் இருக்க முடியாது, ஆகவே காய் நறுக்கல், அதற்கு வாய் வேண்டாம், காதும் வேண்டாம். ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தால் இந்தச் சிவப்பு இங்கே நகரும், இந்தப் பச்சை அங்கே போகும், சாப்பாடு நிற்காது. எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நின்றதில்லை. மாஃபி ப்ராப்ளம். மாஃபி என்றால் அரபியில் இல்லை.

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் ஒரே நாளில் லீவு கேட்டால் என்ன செய்வீர்கள்? யாருக்கும் பிடிக்காத வேலையை யாருக்குக் கொடுப்பீர்கள்? கேள்வி கேள்வியாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் போர்டில் பதில் இருந்தது. நான் சார்ட் தாளால் விசிறிக்கொண்டேன், அடுப்படியில் வெக்கை.

அந்த மஞ்சள் யார், சமையல் பக்கமே வரவில்லையே?

"தட் இஸ் டீச்சர் சார். குக்கிங் மாஃபி. ஒன்லி கார்பேஜ் அண்ட் இங்கிலீஷ்."

மேனேஜர் சிரித்தார். நல்ல வாத்தியாரா?

"வெரி குட் டீச்சர் சார்" என்றார் புதுக்கோட்டைக்காரர். "எவ்ரி மந்த் ஹி சே, சிக்ஸ் மந்த் மோர்."

சமையலறை வாசலில் காவலுக்கு நின்ற டிரைவர் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு அடுப்புக்குக் கீழே இன்னும் கொஞ்சம் பள்ளம் இருந்தால் தேவலை என்று இருந்தது. இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் எனக்குச் சுக்கா வைத்திருக்கிறார்.

வாத்தியார் வீட்டில் இருக்கிறாரா, பார்க்கலாமா என்றார் மேனேஜர்.

"எஸ் சார். சிட்டிங் அண்டர் கேஸ்."

எழுந்தேன். பனியன், கையில் சார்ட் தாள். அதில் 'நான் நேர்மையை உயிராக மதிப்பவன்' என்ற முப்பதாவது பதில் கொட்டை எழுத்தில். மேனேஜர் அதை முழுக்க வாசித்துவிட்டு, உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்றார். பத்தொன்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாயிலிருந்து அப்போது வந்தது ஒரே ஒரு வாக்கியம்.

"மாஃபி ப்ராப்ளம் சார்" என்றேன்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. புதுக்கோட்டைக்காரர் படித்துவிட்டு, "நான் படிச்சது சரியான்னு பாருங்க சார்" என்று என்னிடம் நீட்டினார். மூன்று தடவை படித்தேன். சரியாகத்தான் படித்திருந்தார். "ஏன் தம்பி, தெரிஞ்சும் ஏன் என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தீங்க?" என்றேன்.

"நீங்க சரின்னு சொன்னாத்தான் சார் எனக்கு தைரியம் வரும். அதான், சொல்றவரைக்கும் நல்லா ஆக்கிப்போடுவோம்னு." இப்படியொரு பதிலுக்கு நான் என்ன செய்ய முடியும். அன்றைக்குப் பாயசம். இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன், என் வரையில் அது பெரிய தியாகம்.

மார்ச்சில் அவர் கம்பெனி வீட்டுக்குப் போனார். அவர் லிஃப்டில் இறங்கிய கையோடு டிரைவர் அண்ணன் மஞ்சள் வில்லையைத் திங்கள்கிழமை சமையலுக்கு நகர்த்தினார். அடுத்து வந்த வாரங்களை விவரிக்க விரும்பவில்லை. குளிர் நாட்டு வாத்தியார் ஒரு மத்தியானம் என் டிபனில் ஸ்பூனை விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, ரொம்ப வருத்தத்தோடு தன் இலைதழையைப் பாதி பிரித்து எனக்குக் கொடுத்தார்.

ஏப்ரலில் குடும்பம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தது. "நீங்கதான் ஆறு மாசம் சாரா?"

உள்ளே புதுக்கோட்டைக்காரர் சோஃபாவில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் வந்தவர் மாதிரி இருந்தது. சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "வாங்க சார். எட்டு வருஷம் ஒத்தையா கெடந்து ஆக்கித் தின்னது போதும்னு சொல்லிட்டேன். இனிமே அவர அடுப்புப் பக்கமே விட மாட்டேன்."

சாப்பாடு நன்றாகவே இருந்தது, அதில் பொய்யில்லை. வேறு கை, வேறு பக்குவம். ஆனால் உள்ளே கடுகு வெடித்தபோது அவர் உடம்பு சோஃபாவிலிருந்து ஒரு விரல்கடை எழும்பி இறங்கியதைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் வெடிச்சிருக்கலாம்" என்று அவர் உதடு மட்டும் அசைந்தது. சத்தமாக, "சூப்பர்ம்மா" என்றார். ஃப்ரிட்ஜ் கதவு வெறுமையாக இருந்தது. ஒரு வில்லைகூட இல்லை.

லிஃப்ட் வரை வழியனுப்ப வந்தவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "சார், ஞாயித்துக்கிழமை நம்ம ரூம்ல அடுப்பு சும்மாத்தான இருக்கு?"

"சும்மாத்தான் இருக்கு தம்பி."

"சூப்பர்வைசருக்கு ரிப்போர்ட்டெல்லாம் எழுத வேண்டியிருக்கு சார். என் இங்கிலீஷு பத்தாது. ஞாயித்துக்கிழமை மட்டும் கிளாஸ் வச்சீங்கன்னா நல்லாருக்கும்."

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் பத்து மணிக்குக் கக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார். நோட்டு ஃப்ரிட்ஜ் மேலே போகும், பையிலிருந்து ஷேரி மீன் வெளியே வரும். போர்டில் அவருக்கு மறுபடி ஒரு வில்லை வைத்திருக்கிறோம். எனக்குக் குப்பை, இங்கிலீஷ். மூன்று வாரம் முன்னால் நான் வாய் நிறையச் சோற்றோடு இருந்த நேரத்தில் என் போன் அடித்தது. அவர் மனைவி.

"சார், அவரு எப்படிப் படிக்கிறாரு? ஏதாச்சும் முன்னேத்தம் இருக்கா?"

எதிரே அவர் கரண்டியோடு கும்பிட்டுக்கொண்டு நின்றார். டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லுங்க வாத்தியாரே என்பது போல. சோற்றை விழுங்கினேன்.

"இருக்கும்மா. ஆனா இன்னும் ஒரு ஆறு மாசம் ஆகும்."

"ஆகட்டும் சார், நல்லா சொல்லிக்குடுங்க" என்றார் அந்த அம்மா. "வரும்போது மட்டும் சட்டைய மாத்திட்டு வரச் சொல்லுங்க. மீன் வாசனை போக ரெண்டு தடவ தொவைக்க வேண்டியிருக்கு."